பெட்ரோலா, டீசலா? எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகம் சொன்ன பதில்

வண்டி வாங்குவது ஆண்கள் சமாசாரம், நாம் நிறத்தை மட்டும் சொன்னால் போதும் என்று நினைக்கிற சகோதரிகள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு சவரன் நகை வாங்கப் போனால் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று பைசா பைசாவாகக் கேட்கிறவர்கள் நாம். பத்து லட்ச ரூபாய்க்கு மேல் போட்டு வாங்குகிற காரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் இருக்கலாமா? அதுவும் அந்தக் காருக்கு மாதா மாதம் எண்ணெய் ஊற்றும் பணம் நம் மளிகைப் பணத்தோடு ஒரே டப்பாவிலிருந்துதானே போகிறது!

எங்களுக்குப் பாகூர் பக்கத்தில் கொஞ்சம் கழனி இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். தார் ரோடு முடிந்தபின் களிமண் பாதை. மழைக்காலத்தில் அதில் சாதாரண கார் இறங்கினால் நாலு ஆள் வந்து தள்ள வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதற்குப் பிறகு பத்து நாள் கழனிப் பக்கமே போக முடியவில்லை. அப்போதுதான் என் கணவர், நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு கட்டினார்.

இந்த ரகத்தில் நம் நாட்டில் கிடைப்பவை அதிகம் இல்லை. மாருதியின் ஜிம்னி 2023-ல் வந்தது. அது பெட்ரோல் மட்டும்தான். 1985-லிருந்து ஓடிய பழைய ஜிப்ஸியும் பெட்ரோல்தான். 2020 அக்டோபரில் வந்த மஹிந்திரா தார் வண்டியில்தான் நாலு சக்கர இழுவையோடு 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, 2.2 லிட்டர் டீசல் எஞ்சினும் உண்டு. ஆகவே எங்கள் வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பமாகிவிட்டது.

"டீசல்தான். அப்பா ஜீப் என்னா இழு இழுத்துச்சு தெரியுமா!" இது என் கணவர்.

"அம்மா, இப்ப யாரும்மா டீசல் வாங்கறாங்க?" இது என் பிள்ளை.

"எதை வேணும்னா வாங்குங்க. எனக்குப் புகை மட்டும் ஆவாது" என்றார்கள் என் மாமியார். அவர்களுக்கு இளைப்பு உண்டு. வாரத்துக்கு இரண்டு முறையாவது டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். அவர்கள் காலையில் உட்காருவது வாசல் திண்ணையில். வண்டி நிற்பதும் அதே வாசலில்.

மாமனார் ஜீப்பின் கதை

என் கணவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 1980-களில் மஹிந்திரா ஜீப்புகளில் வந்தது பிரெஞ்சு நாட்டு பியூஷோ கம்பெனியின் டீசல் எஞ்சின். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் ஜெர்மன்காரர் என்றாலும் 1858-ல் பிறந்தது பாரிஸ் நகரத்தில்! புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை.

பெட்ரோல் எஞ்சினில் ஒரு தீப்பொறி வந்து எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசலில் பொறி கிடையாது. காற்றை மிகவும் அழுத்தினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும்; அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்பதால் எஞ்சின் கனமாக இருக்கும், சத்தமும் அதிர்வும் அதிகம். ஆனால் மெதுவாகப் போகும்போதே நல்ல இழுவை கிடைக்கும், எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். சேற்றிலும் மேட்டிலும் டீசலுக்குப் பெயர் வந்தது இதனால்தான்.

ஆனால் அந்தக் காலத்துப் பெட்ரோல் எஞ்சின் வேறு, இன்றையது வேறு. இப்போது தார் பெட்ரோலில் டர்போ இருக்கிறது. கம்பெனிக் கணக்கில் கியர் போட்டு ஓட்டுகிற இரண்டு வண்டிக்கும் இழுவிசை ஒன்றேதான், 300 நியூட்டன் மீட்டர். போதாததற்கு, நாலு சக்கர வண்டியில் '4L' என்று ஒரு தாழ்ந்த கியர் உண்டு. அதைப் போட்டால் வண்டி ஆமை மாதிரி நகரும். ஆனால் இழுவை பல மடங்கு பெருகும். எங்கள் கழனிச் சேற்றுக்கு அது தாராளம். இழுவைக்காக டீசல்தான் வாங்க வேண்டும் என்பது மாமனார் காலத்து நியாயம்.

விலையும் அப்படித்தான். 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். ஊரே டீசல் கார் வாங்கியதில் ஆச்சரியம் என்ன? 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துவிட்டது. வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வந்து, 2020 ஜூனில் டில்லியில் டீசல் பெட்ரோலையே மிஞ்சிய நாளும் உண்டு. நம் புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் இரண்டுமே தமிழ்நாட்டை விட விலை மலிவு. கோரிமேட்டிலும் மதகடிப்பட்டிலும் அக்கம்பக்கத்து ஊர் வண்டிகள் டேங்க் நிரப்பிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா?

நோட்டுப் புத்தகம்

மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று மாதம் எங்கள் பழைய காரின் ஓட்டத்தை எழுதினேன். தேதி, போன இடம், எத்தனை கிலோமீட்டர், அவ்வளவுதான். பிள்ளை சிரித்தான். "மொபைல்ல ஆப் இருக்கும்மா!" இருக்கட்டும். என் நோட்டு என் கையில்.

மூன்று மாதத்துச் சராசரி பார்த்ததில், மாதம் ஐந்நூறு கிலோமீட்டர். அதில் கழனிக்குப் போய் வருவது நூற்றறுபது. பாக்கி எல்லாம் டவுனுக்குள்ளேயே: டாக்டர், பெரிய மார்க்கெட், ட்யூஷன், கோயில். ஒவ்வொன்றும் மூன்று, நாலு கிலோமீட்டர்தான். எஞ்சின் நன்றாகச் சூடு ஏறுவதற்குள் இறங்கிவிடுகிறோம்.

இனி பணக் கணக்கு. சுலபமாக இருக்கட்டும் என்று பெட்ரோல் லிட்டர் 96 ரூபாய், டீசல் 86 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். இந்த மாதிரி கனமான வண்டி டவுனுக்குள் பெட்ரோலுக்கு 9 கிலோமீட்டர், டீசலுக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் 67 காசு. டீசலில் 7 ரூபாய் 17 காசு. வித்தியாசம் மூன்றரை ரூபாய். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மாதம் 1,750 ரூபாய் மிச்சம்.

டீசல் வண்டி விலையில், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து எழுபதாயிரம் ரூபாய் கூடுதல் என்றால், அந்தப் பணம் திரும்பி வர நாற்பது மாதம். அதாவது மூன்று வருஷமும் நாலு மாதமும். அதற்குப் பிறகு டீசல் லாபம்தான்.

"பார்த்தியா!" என்றார் என் கணவர்.

பார்த்தேன். பணத்தை மட்டும் பார்த்தால் டீசல் தோற்கவில்லை. ஆனால் என் நோட்டில் இன்னொரு விஷயமும் இருந்ததே, அந்த மூன்று நாலு கிலோமீட்டர் ஓட்டம்!

வடிகட்டி அடைத்தால்...

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் பி.எஸ்.6 என்ற மாசு விதி வந்தது. இதன்படி வருகிற டீசல் கார்களில் புகைக் குழாயில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். புகையில் இருக்கிற கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் காபி ஃபில்டர் மாதிரிதான். சுத்தம் செய்யாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

இதை நாம் கழற்றித் தேய்க்க வேண்டாம். சேர்ந்த கரியை வண்டியே எரித்துவிடும். அதற்குப் புகைக் குழாயில் சுமார் அறுநூறு டிகிரி சூடு வேண்டும். நல்ல ரோட்டில் பதினைந்து, இருபது நிமிஷம் நிற்காமல் கொஞ்சம் வேகமாக ஓடினால் அந்தச் சூடு வரும். மார்க்கெட்டுக்கும் டாக்டர் வீட்டுக்கும் நின்று நின்று போனால் வராது. எரிக்க ஆரம்பிக்கும்போதே நாம் வண்டியை நிறுத்திவிட்டால், பாதியில் நின்றுபோகும். திரும்பத் திரும்ப இப்படி ஆனால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதையும் கவனிக்காவிட்டால் வண்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிறகு ஒர்க்‌ஷாப்பில்தான் எரிக்க வேண்டும். வடிகட்டியையே மாற்றும்படி ஆனால் பெரிய செலவு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் எடுக்கிற டீசல் வண்டி. விளக்கு எரிந்து எரிந்து, கடைசியில் அந்த வீட்டுப் பெண் ஞாயிற்றுக்கிழமை தோறும் 'வண்டிக்குச் சூடு ஏற்ற' கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய் வருகிறாள். மிச்சம் பிடித்த டீசல் அதில் போய்விடுகிறது!

எங்கள் மெக்கானிக்கும் இதைத்தான் சொன்னார். "அக்கா, எந்த வண்டி நல்லதுன்னு கேக்காதீங்க. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணா எத்தினி தூரம் ஓட்டுவீங்க, அதைச் சொல்லுங்க."

வாசல் திண்ணைப் புகை

இனி என் மாமியார் விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, 2012-ல் டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் சேர்த்தது. பெட்ரோல் புகையை 'உண்டாக்கலாம்' என்ற பிரிவில் வைத்தது. டீசல் புகையின் நுண்ணிய கரித்தூள் நுரையீரலின் அடிவரை போகும். இளைப்பு உள்ளவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அது ஆகவே ஆகாது.

வடிகட்டி சரியாக வேலை செய்கிற புது டீசல் வண்டி பழைய ஜீப் மாதிரிப் புகை கக்காது. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வீட்டு ஓட்டத்துக்கு அந்த வடிகட்டிதானே முதலில் கெடும்!

பெட்ரோல் புகையும் பன்னீர் அல்ல. அதில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டு. வாசனை இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. ஆகவே எந்த வண்டியானாலும் மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். குழந்தையை வண்டியில் தூங்க வைத்து, ஏ.சி. போட்டுவிட்டுப் போகும் வழக்கம் வேண்டவே வேண்டாம்.

எங்கள் முடிவு

ஒரு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நோட்டைக் கணவரிடம் கொடுத்தேன். "ஏங்க, மாசம் ஆயிரத்து எழுநூத்தம்பது ரூபா கூட ஆவும். அது எனக்குத் தெரியும். ஆனா அத்தை உக்கார்ற இடத்துல டீசல் வண்டி வேணாங்க. டாக்டர்கிட்ட போற வழியில அது நின்னாலும் கஷ்டம்."

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பேசவில்லை. பத்து நிமிஷம் கழித்து, "அந்தப் பணத்துக்கு என்னா வழி?" என்றார்.

வழியையும் எழுதி வைத்திருந்தேன். தனித்தனியாகப் போகிற மார்க்கெட், கோயில், ட்யூஷன் வேலைகளை இரண்டு இரண்டாகச் சேர்த்துவிட்டால் மாதம் எண்பது கிலோமீட்டர் குறையும். கிட்டத்தட்ட எண்ணூற்றைம்பது ரூபாய் அதிலேயே வந்துவிடும். மீதிக்கு, விலையில் குறைந்த அந்த எழுபதாயிரத்தைத் தபால் ஆபீஸில் போட்டு வைப்பது என்று தீர்மானித்தோம். முழுவதும் ஈடாகாதுதான். ஆனாலும் தெரிந்தே கொடுக்கிற பணம். பெட்ரோல் வண்டிக்கே முன்பணம் கட்டினோம்.

அதே மாதம் என் நாத்தனார் மகன் டீசல் வாங்கினான். "அத்தை, நீங்க பெட்ரோல்னு சொன்னீங்களாமே, நான் தப்பா வாங்கிட்டனா?" என்று கேட்டான். இல்லவே இல்லை! அவனுக்குப் போர்வெல் தொழில். தினம் விழுப்புரம் பக்கம் போய் வர எண்பது கிலோமீட்டர், மாதம் இரண்டாயிரம். ஹைவேயில் பெட்ரோல் 12, டீசல் 15 கொடுக்கும் என்று கணக்கிட்டால் அவனுக்கு மாதம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம். ஒன்றேகால் வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும். வடிகட்டியும் தினம் தானே சுத்தமாகிவிடும். அவனுக்கு டீசல்தான் சரி.

வாங்கப் போகும் சகோதரிகளுக்கு

மூன்று மாதம் முடியாவிட்டால் ஒரு மாதமாவது ஓட்டத்தை எழுதிப் பாருங்கள். ஒரு முறை கிளப்பினால் எவ்வளவு தூரம் என்பதை மறக்காமல் எழுதுங்கள். மாதம் ஆயிரத்துக்குக் கீழே, அதுவும் குட்டிக் குட்டி ஓட்டம் என்றால் பெட்ரோல். ஆயிரத்தைந்நூறுக்கு மேல், பெரும்பாலும் நீண்ட ரோடு என்றால் டீசல். நடுவில் இருப்பவர்கள் வீட்டில் கைக்குழந்தை, இளைப்புக்காரர் உண்டா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது 'இ20'-க்கு ஏற்றதா என்று கேளுங்கள். டீசலானால் சில வண்டிகளுக்கு 'ஆட்புளூ' என்ற திரவமும் அவ்வப்போது ஊற்ற வேண்டும். அந்தச் செலவையும் கேளுங்கள். நாலு சக்கர இழுவையைக் காய்ந்த தார் ரோட்டில் போட வேண்டாம். சக்கரமும் தேயும், எண்ணெயும் வீணாகும். வெள்ளத்தில் இறக்குவதற்கு முன் கம்பெனி சொன்ன ஆழத்தைப் பாருங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் பெட்ரோலும் டீசலும் ஒன்றுதான்.

இன்னொன்று. தார் உயரமான வண்டி; மூன்று கதவு வண்டியில் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கித்தான் ஏற வேண்டும். ஷோரூமுக்குப் புடவையோடு போய், வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போய், ஏறி இறங்கிப் பாருங்கள். என் மாமியார் பின் சீட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, "முன்னாடி சீட்டு எனக்கு, பின்னாடி நீ ஏறிக்கோம்மா" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அப்படித்தான் டாக்டர் வீட்டுக்குப் போய் வருகிறோம்.