கிழட்டுக் குதிரையும் எறும்புப் புற்றும்

கிழட்டுக் குதிரைக்கு வழி தெரியும் என்று சீனத்தில் ஒரு சொலவடை உண்டு. மூத்தவர்களின் அனுபவத்தை மெச்சும்போது சீனர்கள் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். அது பிறந்தது ஒரு போர்க்கதையில். கி.மு. 663 வாக்கில், சி நாட்டு மன்னர் ஹுவான் வடக்கே குஜூ நாட்டின்மீது படையெடுத்துப் போனார். போனது வசந்தத்தில், திரும்பியது குளிர்காலத்தில். பருவம் மாறியதில் வந்த வழி பிடிபடாமல் படை திகைத்து நின்றது. அமைச்சர் குவான் ஜோங், வயதான குதிரைகளை அவிழ்த்து முன்னால் விடச் சொன்னார். அவை பாட்டுக்கு நடந்தன. படை பின்னாலேயே போய் வழியைக் கண்டுகொண்டது.

பெரும்பாலும் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிந்தனையாளர் ஹான் ஃபெய் எழுதிவைத்த நூலில் அது இன்னும் கொஞ்ச தூரம் போகிறது. எனக்கு அந்தப் பகுதிதான் பெரிது. மலைக்குள் போன படைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்த முறை யாரும் குதிரையிடம் போகவில்லை. எறும்பைப் பாருங்கள் என்றார் ஷி பெங் என்ற இன்னொருவர். எறும்பு குளிர்காலத்தில் மலையின் வெயில் பக்கமும் கோடையில் நிழல் பக்கமும் குடியிருக்கும், அதன் புற்று மண் ஒரு விரற்கடை எழும்பியிருந்தால் ஓர் ஆள் ஆழத்தில் தண்ணீர் இருக்கும் என்பது அவர் கணக்கு. தோண்டினார்கள், தண்ணீர் வந்தது. இவ்வளவு பெரிய அறிவாளிகளே தமக்குத் தெரியாததைக் குதிரையிடமும் எறும்பிடமும் கற்கத் தயங்கவில்லை என்று ஹான் ஃபெய் முடிக்கிறார்.

வயதான நாங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நரை வந்துவிட்டதாலேயே எல்லாவற்றுக்கும் வழிசொல்லக் கிளம்பிவிடுகிறோம். பேரன் என்ன படிக்க வேண்டும், மருமகள் எந்த வேலைக்குப் போகலாம் என்பதுவரை எங்கள் தீர்ப்பு நீள்கிறது. குதிரைக்குத் தெரிந்தது அது தன் காலால் நடந்த வழி ஒன்றுதான். தண்ணீருக்கு எறும்பு வேண்டியிருந்தது. எங்கள் வீடுகளில் அந்த எறும்பு பல நேரம் பத்து வயதுப் பிள்ளையாக இருக்கிறது. அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் மூப்புக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

எங்கள் குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. இருந்தார். சட்டம் படித்தவர், அறநிலையத் துறையில் ஆணையராகப் பணியாற்றியவர். ஆனாலும் 1954இல் மறையும்வரை அவரைத் தேடி ராஜாஜியும் கல்கியும் இன்னும் எத்தனையோ பேரும் வந்தது கம்பனுக்காக. ஆயுள் முழுக்க அவர் திரும்பத் திரும்ப நடந்த வழி அது. முதுமைக்கு அப்படி ஒரு வழி வாய்த்திருந்தால் ஊரே வீடு தேடி வரும்.

எல்லாருக்கும் கம்பன் வாய்க்க வேண்டும் என்பதில்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்டே வயதானவர்கள் இருக்கிறார்கள், பழக்கடை போட்டே தலை நரைத்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு சாரல் காலம் முழுக்க நின்று பாருங்கள். வெள்ளம் வருமுன் தண்ணீர் லேசாகச் செம்மண் நிறம் காட்டும். சருகும் சுள்ளியும் சேர்ந்தாற்போல் வந்து விழும். விழும் சத்தம் கனக்கும். குளிப்பவர்களுக்கு இதெல்லாம் கூடுதல் குஷி. கரையில் இருக்கும் கிழவருக்கோ கை எண்ணெயில் இருந்தாலும் கண் மேலே போய்விடும். "தண்ணி கலங்குது, எல்லாரும் வெளிய வாங்க" என்பார். கீழே வெயிலடிக்கும்போது மலைமேல் மழை கொட்டலாம் என்பது அவர் புத்தகத்தில் படித்ததல்ல.

2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் இறங்கியது. சாரல் காலம்கூட இன்னும் தொடங்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். பதினேழு வயதுப் பிள்ளை ஒருவனைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. இப்படித் திடீரென்று இறங்கும் வெள்ளத்தில் சில நிமிடம் முன்னால் கிடைக்கும் எச்சரிக்கைகூட உயிர் காக்கலாம். அந்த நிமிடங்களைச் சம்பாதித்துத் தரக்கூடியவர்கள் கரையிலேயே இருக்கிறார்கள்.

மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை போடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், வானிலை அறிவிப்பும் வேண்டியதுதான். அவற்றோடு இதையும் செய்யலாம். ஒவ்வோர் அருவியிலும் நாற்பது ஐம்பது வருடம் பழகியவர்கள் யார் யார் என்று நிர்வாகம் விசாரித்து, ஆளுக்கொரு விசிலைக் கையில் கொடுக்கட்டும். அவர்கள் ஊதினால் பணியில் இருக்கும் காவலர் காரணம் கேட்டு நிற்காமல் முதலில் கூட்டத்தை வெளியேற்றட்டும். பத்து முறை ஊதி ஒன்பது முறை வெள்ளம் வராமல் போகலாம். அதற்காக அந்தப் பெரியவரை யாரும் ஏசக் கூடாது. இதை ஓர் உத்தரவாகவே எழுதி வைக்க வேண்டும், அடுத்த ஆனிச் சாரல் தொடங்குவதற்குள்.