கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்

சித்தப்பாவின் ஹேண்டிகேமைவிட அதன் பைதான் எங்களுக்கு அதிசயம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். கறுப்புத் தோள்பை, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த அறைகள். ஒன்றில் தடித்த பேட்டரிகள், ஒன்றில் சார்ஜர், சிங்கப்பூரின் சதுரக்கால் பிளக்கை நம்மூர் ஓட்டையில் செருக ஒரு கன்வெர்ட்டர், டிவியில் மாட்ட மஞ்சள், வெள்ளை வயர்கள், ஹெட் துடைக்கும் கேசட், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். திறந்தால் புது ரெக்சின் வாசனை வரும். ஆயுத பூஜையன்று லென்ஸ் மூடிக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. மூடிக்கு மட்டும்தான்; லென்ஸ் பக்கம் விரல் போனால் வீடே அதிரும்.

சோனியின் வீடியோ 8 வகை அது. எட்டு மில்லிமீட்டர் அகல டேப், பாட்டுக் கேசட் அளவில் இருக்கும். கல்யாண வீடியோக்காரர் வி.ஹெச்.எஸ். கேமராவைத் தோளில் ஏற்றி, பின்னாலேயே லைட் பாய் ஒருவன் மணமக்களை வியர்க்கவைத்துக்கொண்டு வந்த காலத்தில், சித்தப்பா ஒரே உள்ளங்கையில் படம் எடுத்தார். சொந்தக்காரர்கள் அவரைக் கொஞ்சம் மரியாதையாகவே பார்த்தார்கள்.

அந்த நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. பாதி தீர்ந்த நிலையில் சார்ஜ் போட்டுப் பழக்கினால் அந்தப் பாதியையே முழுசாக நினைத்துக்கொள்ளும் என்பார்கள். ஆகவே விசேஷம் முடிந்த இரவில் மிச்சத்தைத் தீர்த்தாக வேண்டும். கேமராவை ஓடவிட்டு எங்களிடம் தந்துவிடுவார். வியூஃபைண்டரில் கறுப்பு வெள்ளையில் அடுப்படி தெரியும், பாட்டி தெரிவாள், கொடியில் காயும் வேட்டி தெரியும். டேப் இல்லாததால் எதுவும் பதிவாகாது. நான் எடுத்த மிக நல்ல படங்கள் அந்த மாதிரி இரவுகளில் எடுத்தவைதான்.

அதில் சித்தப்பாவுக்குப் பிடித்தது பேக்லைட் பொத்தான். ஜன்னலுக்கு முன் நிற்பவரின் முகம் கறுத்துவிட்டால் அதை அமுக்குவார். முகம் துலங்கும், ஜன்னல் வெளுத்துப்போகும். 'சிவப்பா இருக்கேனா?' என்று அத்தைகள் கேட்பார்கள். வெளியே வெயில் இருந்தால் சிவப்பாகத்தான் இருந்தார்கள். தேதியும் படத்தின் மூலையில் விழும். அதற்கென்று உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி. அது செத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை. தம்பியின் காதுகுத்தும் பெரியம்மா வீட்டுக் கிரகப்பிரவேசமும் எங்கள் குடும்பச் சரித்திரத்தில் ஜனவரி 1 அன்றே நடந்தன.

டேப் முடிந்ததும் ஓரத்துத் தாழ்ப்பாளைத் தள்ளிச் சிவப்பு தெரியவைப்பார். அப்புறம் அதன்மேல் வேறு எதுவும் பதிய முடியாது. பீரோவில் சிவப்புச் சிவப்பாக வரிசை கட்டியிருந்தன.

அந்தப் பையிலிருந்த எல்லாமே இன்று போனுக்குள் போய்விட்டன. வெளியே தப்பியது முக்காலி ஒன்றுதான். கேமராவின் அடியில் மாட்டும் கால் அங்குலத் திருகு அன்றும் அதுதான், இன்றும் அதுதான். சித்தப்பாவின் முக்காலியில் இப்போது அவர் மகள் போன் கிளிப்பைத் திருகிவைத்துச் சமையல் வீடியோ எடுக்கிறாள்.

போன வருடம் டேப்புகளைச் சென்னையில் ஒரு கடையில் கொடுத்தோம். சிலவற்றில் பூஞ்சை. மற்றவற்றைப் பழைய டிஜிட்டல் 8 கேமரா ஒன்றில் ஓட்டி எடுத்துக்கொடுத்தார்கள். வீடியோ 8 டேப்பைப் படிக்கும் அந்தக் கேமராக்கள் 1999இல் வரத் தொடங்கியவை, இப்போது அவையே அரும்பொருள். எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். நூறு பேர் இருந்தார்கள், சித்தப்பா மட்டும் எதிலுமே இல்லை. படம் எடுப்பவர் படத்தில் எப்படி இருப்பார்?

குரல் இருந்தது. கேமராவிலேயே பொருத்திய மைக்குக்கு மிக அருகில் இருப்பது எடுப்பவரின் வாய்தானே. மேளத்துக்கும் மேலாக அவர் மூச்சு கேட்டது, இருமல் கேட்டது, ஜூம் மோட்டாரின் கிர்ரும் கேட்டது. 'கேமராவைப் பாக்காதடா, சும்மா நடந்து வா.' இந்த இரைச்சலை ஒழிக்கத்தான் அடுத்த லீவில் தனி மைக் வாங்கிவரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்லவேளை, வாங்கவில்லை. வாங்கியிருந்தால் தெளிவான நாகஸ்வரம் கிடைத்திருக்கும். அது எந்தக் கல்யாணத்தில் கிடைக்காது?

சித்தி கடைசிவரை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்புக்கு டேப், கோயில் வாசலில், பந்தியில், கொடைக்கானல் ஏரிக்கரையில், அவள் வரும் இடமெல்லாம் அதே குரல்: 'கொஞ்சம் தள்ளி நில்லு.'

'இத்தன வருஷத்துல என்கிட்ட இந்த மனுஷன் வேற ஒண்ணுமே பேசலையா?' என்றாள். 'இன்னொரு தரம் போடு.'