மாடக்குழிச் சாவி

தங்கை வீடு கங்கைகொண்டானில். நெல்லைக்கு வடக்கே, மதுரை ரோட்டில், சிப்காட் இருக்கிற ஊர். அவள் மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை.

ஒரு நாள் எனக்கு மெயில் வரவில்லை. நான் உபயோகிப்பது 'மட்' என்கிற புரோகிராம். அந்தப் பெயருக்குக் கலப்பின நாய் என்று அர்த்தம். விசுவாசமான ஜந்துதான். அதன் செட்டிங்ஸ் ஃபைலை, 'என்னன்னு பாருப்பா' என்று மருமகனுக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில் போன்.

"மாமா, பாஸ்வேர்டையும் சேத்துல்லா அனுப்பியிருக்கிய!"

மூன்றாவது வரியில் பளிச்சென்று இருந்திருக்கிறது. சிரிக்காதீர்கள். பத்திரிகைக்காரன் மெயில் பெட்டியில் இருப்பது அவன் ரகசியம் மட்டுமல்ல. 'பேர் போட்டுடாதீங்க சார்' என்று நம்பி எழுதியவர்களின் வேலையும் அதில்தான் இருக்கிறது. மருமகனாக இருந்ததால் தப்பித்தேன். உடனே பாஸ்வேர்டை மாற்றினேன்.

பொங்கலுக்குப் போனபோது கேட்டேன். "அந்த வரியை யாருக்கும் புரியாத மாதிரி குழப்பி எழுதிட்டா என்ன?"

எரிக் ரேமண்ட் கதையைச் சொன்னான். 1990-களில் ஃபெட்ச்மெயில் என்ற புரோகிராமை வளர்த்தவர். அவரிடமும் பலர் இதையே கேட்டார்கள். மறுத்துவிட்டார். ஃபைலைப் படிக்க முடிந்தவன், குழப்பத்தை அவிழ்க்கும் வித்தையை அதே புரோகிராமிலிருந்து உருவிவிடுவான். மிஞ்சுவது பொய் நிம்மதிதான். மாறாக, அந்த ஃபைலை மற்றவர்களும் படிக்கலாம் என்று வைத்திருந்தால் ஃபெட்ச்மெயில் ஓடவே மறுக்கும்.

பெட்டியும் சாவியும் ஒரே கையில் இருக்கக்கூடாது. பி.காம். ஆடிட்டிங்கில் படித்ததுதான்!

இப்போது என் பாஸ்வேர்ட், ஜிபிஜி என்ற புரோகிராம் பூட்டிய தனி ஃபைலில் இருக்கிறது. செட்டிங்ஸில் 'அதைத் திறந்து படி' என்ற கட்டளை மட்டும். திறக்கும் சொல் என் மண்டைக்குள். இனி செட்டிங்ஸ் ஃபைலை யாருக்கும் அனுப்பலாம்.

நீங்கள் தண்டர்பேர்ட் ஆசாமியா? 'பிரைமரி பாஸ்வேர்ட்' போட்டுவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் நாற்காலியில் உட்கார்கிறவர், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைப் பார்த்துவிட வாய்ப்பு உண்டு. ஜிமெயில் என்றால், இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக்கொண்டு, மெயில் புரோகிராமுக்கென்றே 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்ட்' வாங்கலாம். களவு போனால் அதை மட்டும் ரத்து செய்தால் போதும்.

ஊருக்குக் கிளம்பினேன். வழியனுப்ப வந்த தங்கை கதவைப் பூட்டி, சாவியை வாசல் மாடக்குழியில் வைத்து, மேலே அகல் விளக்கைக் கவிழ்த்தாள்.

"தெருவுக்கே தெரியுமேம்மா?" என்றேன்.

"அதான் வெளக்கைக் கவுத்தி வச்சிருக்கேம்லா, அண்ணே!"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.