உப்புப் பாதையில் நான்கு நாள்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பார்கள் நம் முன்னோர். அந்த உப்புக்காக ஒரு மலைத்தொடரையே நடந்து கடந்தவர்கள் சபாவில் வாழ்ந்தார்கள் என்பதை, அங்குப் படிக்கச் சென்ற மூன்றாம் ஆண்டில்தான் அறிந்தேன்.

குரோக்கர் மலைத்தொடரின் ஒரு பக்கம் தம்புனான் பள்ளத்தாக்கு. மறுபக்கம் பெனாம்பாங், பாப்பார் ஆகிய கடலோர நிலங்கள். உள்நாட்டு டூசுன் மக்களிடம் நெல் இருந்தது, புகையிலை இருந்தது, காட்டில் எடுத்த டாமார் பிசின் இருந்தது. உப்பு இல்லை. ஆகவே மூங்கிலாலும் பிரம்பாலும் பின்னிய 'வாக்கிட்' என்னும் முதுகுக்கூடையில் பொருள்களைச் சுமந்து மலையேறி இறங்கி, கடலோரத் 'தாமு' சந்தையில் பண்டமாற்று செய்து, உப்போடு வீடு திரும்பினார்கள். சாலைகள் வந்த பிறகு அந்தப் பயணங்கள் நின்றுபோயின. 1984இல் இப்பகுதி குரோக்கர் மலைத்தொடர்ப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2014இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. பழைய தடங்களில் சில இன்று 'உப்புப் பாதை' என்ற பெயரில் மலையேறிகளுக்குத் திறந்திருக்கின்றன.

சங்க இலக்கியம் காட்டும் உமணர்களை எஸ்.பி.எம். தேர்வுக்காகத் தமிழ் படித்தபோது ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களும் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கியவர்கள்தாம். ஆனால், அவர்களுக்கு வண்டியும் மாடும் இருந்தன. இங்கே மனிதனின் முதுகுதான் வண்டி!

பருவ விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் புறப்பட்டோம். இனோபோங்கில் தொடங்கி தெரியான், புவாயான், கியோனோப் கிராமங்கள் வழியாகத் திக்கோலோட்டில் முடியும் பாதை, சுமார் 34 கிலோமீட்டர். நான்கு நாள் நடை. குழுவில் நான் ஒருவன்தான் தமிழன். முதல் கிராமத்தின் பெயர் 'தெரியான்' என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வழி தெரியாத எனக்கு ஏற்ற ஊர்! ஏன் சிரிக்கிறேன் என்று நண்பர்களுக்கு மலாயில் விளக்குவதற்குள் ஒரு மேடு ஏறிவிட்டோம்.

வழிகாட்டிக்கு அறுபது வயதிருக்கும். அவரைப் 'பாக்சிக்' என்றே அழைத்தோம். இன்னும் எவ்வளவு தூரம் என்று எப்போது கேட்டாலும், "சிக்கிட் லாகி பா!" என்பார். 'இன்னும் கொஞ்சம்தான்' என்று பொருள். அந்தக் கொஞ்சம் இரண்டு மணி நேரமும் ஆகலாம் என்பதை இரண்டாம் நாளில் புரிந்துகொண்டோம்.

அன்றுதான் நான் தோற்றேன். காலையிலிருந்து மழை. செம்மண் வழுக்கியது, காலுறைக்குள் அட்டைகள். என் பையின் எடை பன்னிரண்டு கிலோ. ஓர் ஏற்றத்தில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். பாக்சிக் ஒன்றும் பேசவில்லை. எல்லாருக்குமான அரிசி இருந்த தம் வாக்கிட்டின் மேல் என் பையையும் வைத்துக் கட்டிக்கொண்டு முன்னே நடந்தார். அறுபது வயது முதுகில் இருபத்திரண்டு வயதின் சுமை. வெறுங்கையோடு பின்னால் நடந்தபோது வெட்கமாக இருந்தது.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தபோதுதான் பாட்டியின் நினைவு வந்தது. பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் மரம் சீவியவர். காண்டா கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மேடும் பள்ளமும் கடந்து ஸ்டோருக்குத் தூக்கிச் சென்றவர். அவருடைய வலது தோளில் இன்றும் ஒரு காய்ப்பு உண்டு.

தமிழ்ப்பள்ளியில் அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இருந்ததில்லை. அங்கே எல்லாருடைய பாட்டியும் மரம் வெட்டியவர்தான். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் மாதம், குடும்பத்தைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னார்கள். என் பாட்டி துணி வியாபாரம் செய்தார் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாரும் கேலி செய்திருக்கமாட்டார்கள். இருந்தும் சொன்னேன்.

அன்றிரவு புவாயானில், அடுப்போரம் ஈரத்துணிகளைக் காயவைத்தபடி பாக்சிக்கிடம் கேட்டேன்: "உங்கள் தாத்தாவுக்கு இந்த ஏற்றம் கஷ்டமாக இல்லையா?" அவர் சிரித்தார். "ஏற்றம் கஷ்டமில்லை. திரும்பி வரும்போது மழைதான் பயம். உப்பு நனைந்தால் கரைந்துவிடும். போய்வந்த நடை எல்லாம் வீண்" என்றார்.

நான்காம் நாள் மாலை திக்கோலோட்டை அடைந்தோம். தொலைபேசியில் கோடு வந்ததும், அம்மாவுக்கு முன் பாட்டியை அழைத்தேன்.

"பாட்டி, காண்டா தூக்குவீங்களே, ரொம்ப பாரமா இருக்குமா?"

"இப்ப எதுக்கய்யா அது? சாப்டியா?"

மறுபடியும் கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை.

"பாரம் பழகிடும்யா. மழைதான் பயம். மங்குல இருக்கற பாலு தண்ணியாப் போச்சுன்னா அன்னிக்கு ஏது கூலி?"

நான் பேச முடியாமல் நின்றேன். கடலுக்கு இந்தப் பக்கம் உப்பு. அந்தப் பக்கம் பால். இருவரும் அஞ்சியது சுமைக்கு அன்று, சுமந்தது வீணாகிவிடுமோ என்பதற்குத்தான். என் பாட்டி தூக்கிய வாளிகளில் என் அப்பாவின் பள்ளிக்கட்டணமும் இருந்தது. அதைத்தான் நான் வகுப்பில் துணி வியாபாரம் ஆக்கினேன்.

உப்புப் பாதைக்குப் பெயர் உண்டு, வரைபடம் உண்டு. பாட்டி நடந்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயத்திலிருந்து ஸ்டோருக்குப் போன அந்தத் தடத்தைக் காட்டத் தெரிந்தவர்கள் பாட்டியும் அவர் வயதொத்த சிலரும்தான். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் "சாப்டியா?" என்பார். மறுபடியும் கேளுங்கள்.

வரும் தீபாவளி விடுமுறையில் பாட்டியை அங்கே அழைத்துப் போவதாக இருக்கிறேன். எது எங்கே இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொள்ள வேண்டும். அன்று மழை பெய்யாமல் இருக்கட்டும்.