யாதவகிரியில் பழகிய கைகள்

ஒரு யந்திரம் நெடுங்காலம் ஓட வேண்டுமானால் அதைச் செய்த கம்பெனியும் நெடுங்காலம் நிலைத்திருக்க வேண்டும் என்றுதான் நாம் பொதுவாக நம்புகிறோம். ஆனால் மைசூரில் 1996-ஆம் ஆண்டு கதவடைத்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் மோட்டார் சைக்கிள்கள், செய்தவர் இல்லாமல், உதிரி பாகங்களுக்குப் பொறுப்பேற்பார் இல்லாமல், அதன் பின்னரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தென்னாட்டுச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தன, இன்றும் ஓடுகின்றன. 2018 நவம்பர் 15-ஆம் தேதி ஜாவா என்ற பெயர் புதிய வண்டிகளோடு இந்தியச் சந்தைக்குத் திரும்பியபோது அபிமானிகள் அடைந்த ஆனந்தத்தைப் பத்திரிகைகள் விரிவாகவே எழுதின. ஒரு பெயர் அப்படி மீண்டு வர வேண்டுமானால் அது அதுவரை எங்கேனும் உயிரோடு இருந்திருக்க வேண்டுமல்லவா? அந்த உயிரைக் காத்தவர்கள் யார், எந்த வித்தையால் காத்தார்கள் என்பதை நேரில் காண வேண்டும் என்ற ஆவலே என்னை மைசூருக்கு அழைத்துச் சென்றது.

ஜாவாவின் பூர்வீகம் செக்கோஸ்லோவாகியா. பிராகில் ஆயுதங்கள் செய்துகொண்டிருந்த பிரான்டிஷெக் யானெச்செக் என்ற தொழிலதிபர், ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து உரிமை பெற்று 1929-இல் மோட்டார் சைக்கிள் தொழிலில் இறங்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், நாடு அந்நியர் பிடியில் இருந்தபோது, அந்த ஸ்தாபனத்தின் பொறியியலாளர்கள் ரகசியமாக உருவாக்கிய பெராக் என்ற வண்டி 1946-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் இரானியும் ஃபாரோக் இரானியும் நிறுவிய ஐடியல் ஜாவா கம்பெனி, செக் நாட்டு உரிமத்தோடு மைசூரின் யாதவகிரியில் தொழிற்சாலை அமைத்தது. அப்போது மைசூர் மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஜயசாமராஜ உடையார் 1961-இல் அதைத் திறந்துவைத்தார். 1973 முதல் அதே வண்டி யெஸ்டி என்ற பெயரில் வரலாயிற்று. 1978-இல் வந்த ரோட்கிங் அந்தப் பெயரை ஊர்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்த வண்டியின் லட்சணங்கள் அதை ஓட்டியவர்களுக்கு மறவாதவை. ஒரே சிலிண்டர், ஆனால் இருபுறமும் இரண்டு சைலன்சர்கள். கியர் போடும் நெம்புகோலையே உட்புறம் அழுத்தி மேலே திருப்பினால் அதுவே கிக்கர். கியர் மாற்றக் காலை வைத்து அழுத்தும்போதே கிளட்ச் தானாக விடுபட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும் என்பதைத் தவிர அது எஜமானனிடம் அதிகம் எதிர்பார்த்ததில்லை. 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு நூறு சி.சி. வண்டிகள் வந்து, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே மக்களின் முதற்கேள்வியாக ஆனபோது, கனத்த உடலும் பெட்ரோல் தாகமும் கொண்ட யெஸ்டிக்குச் சந்தை சுருங்கியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. தொழிலாளர் தகராறுகளும் சேர்ந்துகொண்டன. கடைசியில் யாதவகிரியின் கதவுகள் மூடப்பட்டன.

தொழிற்சாலையில் பழகிய கைகளை மட்டும் யாராலும் பூட்டிவைக்க முடியவில்லை. அப்படிப்பட்ட கைகள் இரண்டை, நகரின் பழைய பகுதியில், இரு மோட்டார் சைக்கிள்கள் ஒருசேர நுழைய இடமில்லாத ஒரு சந்தின் பட்டறையில் கண்டேன். அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முன்னோர்கள் சேலம் பக்கத்தவர்களாயினும் அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர்; இளமையில் யாதவகிரியில் எஞ்சின் பூட்டும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து, தொழிற்சாலை மூடும் வரை அங்கேயே இருந்தவர். அவரிடம் வேலை பழகும் பையன் அவரை மேஸ்திரி என்கிறான். வாடிக்கைக்காரர்களும் அப்படியே அழைக்கிறார்கள்.

நான் போன சமயம், மைசூருக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்திருந்த ரோட்கிங் ஒன்று நின்றுகொண்டிருந்தது. உடையவர் அதன் குறையை விவரிக்கத் தொடங்கியபோது மேஸ்திரி கையமர்த்திவிட்டு, வண்டியை உதைத்து ஓடவிட்டு, ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் உறையில் பல இடங்களில் ஊன்றி, அதன் கைப்பிடியைத் தம் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஓடுற வண்டிதான் சார் தனக்கு எங்க நோவுதுன்னு சொல்லும். கழட்டிப் போட்டுட்டுக் கேட்டா அது என்ன சொல்லும்?"

நோய் கிராங்கில் இருந்தது. இந்த எஞ்சினில் இரண்டு கனத்த சக்கரங்களை ஒரு பின் கொண்டு இணைத்து, அந்தப் பின்னின் மேல் கனெக்டிங் ராட் சுழலும்படி அமைத்திருக்கிறார்கள். இறுக்கத்தினாலேயே நிற்கும் இந்த இணைப்பில் பின் தேய்ந்துபோனால், பிரஸ்ஸில் வைத்துச் சக்கரங்களைப் பிரித்து, புதிய பின்னையும் ராடையும் உருளைகளையும் வைத்து மறுபடியும் அழுத்திச் சேர்க்க வேண்டும். சேர்ப்பது பெரிதல்ல, சேர்த்தபின் இரண்டு அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்பதே பெரிது. மேஸ்திரி கிராங்கை இரு முனைகளுக்கிடையே தாங்கவைத்து, அளவுமானியின் முள்ளை அச்சின் மேல் பொருத்தி மெல்லச் சுழற்றினார். முள் அசைந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி இட்டு, கிராங்கை வெளியே எடுத்து, செம்புச் சுத்தியால் சக்கரத்தின் விளிம்பில் ஓங்கி ஒரே அடி அடித்தார். மறுபடி ஏற்றிச் சுழற்றினார். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்து அதில் இரண்டொரு பங்கு வரையில்தான் பிசகு இருக்கலாம். எங்கே அடிப்பது என்பதை முள் சொல்லுகிறது. எவ்வளவு அடிப்பது என்பதைச் சொல்ல இந்த உலகில் எந்தக் கருவியும் இல்லை. அதை அவருடைய தோள் அறியும்.

கிராங்க் நேரானபின்னும் வேலை முடிவதில்லை. இத்தகைய இரண்டு அடி (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குள் புகுந்து, அங்கே அழுத்தம் பெற்றே சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆகவே அந்த அறை காற்றுப் புகாத அறையாக இருக்க வேண்டும். அதன் ரப்பர் சீல் ஒன்று தளர்ந்தாலும், ஒரு பக்கத்தில் அதிகக் காற்று புகுந்து எஞ்சின் காய்ந்துபோகும், மறுபக்கத்தில் எண்ணெய் கசிந்து சைலன்சர் புகைந்து தள்ளும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் சீல்களில் எது எண்ணெயின் சூட்டைத் தாங்கும், எது சில மாதங்களில் கல்லாகிவிடும் என்பதை மேஸ்திரி விரலால் வளைத்துப் பார்த்தே பிரித்துவைக்கிறார். சிலிண்டர் தேய்ந்தால் லேத்துக்கு அனுப்பிக் கால் மில்லிமீட்டர் அதிகமாக ரீபோர் செய்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும். பல தடவை ரீபோர் ஆகிவிட்ட சிலிண்டருக்குப் புதிதாக ஸ்லீவ் இறக்க வேண்டும். இத்தனையும் ஆனபின், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சில மில்லிமீட்டர் முன்னரே பொறி விழும்படி பாயிண்ட்டைச் செட்டிங் செய்கிறார்கள்.

இந்த வித்தைக்கு யாதவகிரியே பாடசாலை. "அங்க அளவு தப்பினா பொருள் உள்ளயே வராது சார். ஒரு பேரிங் உக்கார்றதுக்கு எத்தனை சூடு, எத்தனை பலம்னு நின்னு கத்துக்குடுத்தாங்க" என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் பழைய கௌரவம் ஒலித்தது. தொழிற்சாலை மூடியபின் அவருடைய சகாக்களில் சிலர் பட்டறை வைத்தார்கள். சிலர் லேத்துக்குப் போனார்கள். சிலர் தொழிலையே விட்டார்கள். அவர்களும், வண்டியை விற்க மனம் வராத உடையவர்களும், பழைய இரும்புக் கடைகளில் எஞ்சிய பாகங்களைத் தேடிச் சேர்த்த வியாபாரிகளும், ஒருவர் இருப்பதை மற்றவர் அறிந்து, கைமாற்றிக் கைமாற்றியே ஒரு கம்பெனி செய்யவேண்டிய காரியத்தைக் கம்பெனி இல்லாமலே செய்துவந்திருக்கிறார்கள்.

இந்த நிலையில்தான் புனர்ஜன்மம் நிகழ்ந்தது. மகிந்திரா குழுமத்தின் ஆதரவோடு, அனுபம் தரேஜாவும் ருஸ்தம் இரானியின் புதல்வர் போமன் இரானியும் சேர்ந்த கிளாசிக் லெஜெண்ட்ஸ் என்ற ஸ்தாபனம், 2018-இல் ஜாவாவையும் 2022 ஜனவரியில் யெஸ்டியையும் மறுபடி கொண்டுவந்தது. 2018-இல் வந்த புதிய ஜாவா 293 சி.சி. கொண்ட நான்கு அடி எஞ்சின், தண்ணீரால் குளிர்விக்கப்பட்டது, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் செய்யப்பட்டது. பழைய அடையாளத்துக்கு மரியாதையாக, ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்களை வைத்திருந்தார்கள். வண்டி ஒருவர் கைக்கும் போய்ச் சேருமுன்னரே, 2019 செப்டம்பர் வரைக்குமான வண்டிகள் முன்பதிவிலேயே தீர்ந்துபோயின என்று கம்பெனி அறிவிக்கும்படி ஆயிற்று.

ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையைச் சர்வதேச ஜாவா தினமாகக் கொண்டாடுவது அபிமானிகளின் வழக்கம். பெங்களூரில் அப்படிக் கூடியிருந்த கூட்டத்தில், கருஞ்சிவப்பு டேங்கில் பொன்னிறக் கோடுகள் மின்ன வரிசையாக நின்ற பழைய வண்டிகளுக்கிடையே நடந்து, பலருடைய அபிப்பிராயங்களைக் கேட்டேன். திம்பம் மலை வழியாக வந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், தம் தந்தையின் ஜாவாவைத் துடைத்துக்கொண்டே, "புது வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அந்தச் சத்தம் வேறங்க; அது எங்கப்பா வீட்டுக்கு வர்ற சத்தமுங்க" என்றார். அவருக்கு அருகிலேயே, புதிய ஜாவா வாங்கிய இளைஞர் ஒருவர் இருந்தார். "எங்க தாத்தா வண்டியை வித்துட்டாருங்க, இந்தப் பேரு திரும்பி வரலைன்னா நான் இந்தக் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டேன்" என்றார் அவர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இரண்டு அடி எஞ்சினின் அந்த ஓசை, எரியாத எண்ணெய்ப் புகையோடு பிறந்தது. இன்றைய விதிகளின் கீழ் அதைப் புதிய வண்டியில் எதிர்பார்ப்பது இயலாத காரியம். பெயர் மீண்டதனால் ஒரு புதிய சந்ததி இந்த அபிமானத்துக்குள் வந்திருக்கிறது என்பதும் பிரத்தியட்சமான உண்மை.

மேஸ்திரி என்ன நினைக்கிறார் என்று கேட்டேன். புதிய வண்டி ஒன்றை அவரிடம் ஒருவர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். அதையும் அவர் ஓடவிட்டுக் கேட்டிருக்கிறார். "நல்ல வண்டி சார். மலையில சூடாகாது, புகை வராது. நம்ம பேரு ரோட்ல ஓடுது, சந்தோஷந்தான். பழைய வண்டியை மறுபடி செய்யச் சொல்லி நான் கேக்கல. அந்தப் பேர்ல நல்ல பின்னும் சீலும் போட்டுக் குடுத்தாங்கன்னா போதும், மீதியை நாங்க பாத்துக்குவோம்" என்றார். பையனைக் காட்டி, "இவனுக்கு இன்னும் பத்து வருஷம் வேலை இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

யெஸ்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பெயருக்கு அவ்வளவு விலை இருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. அந்த விலை எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். 1996-இல் எல்லா யெஸ்டிகளும் இரும்புக் கடைக்குப் போயிருந்தால் 2018-இல் மீட்பதற்கு ஒன்றும் இருந்திராது. சந்துகளிலும் பட்டறைகளிலும், விளம்பரப் பலகைகூட இல்லாமல், தேய்ந்த பின்னை மாற்றியும் கிராங்கை நேராக்கியும் வந்தவர்களே அந்தப் பெயரின் மதிப்பைக் காத்து வளர்த்தவர்கள். பழங்கோயிலை ஜீரணோத்தாரணம் செய்ய முற்படுகிறவர்கள் முதலில் அந்த வழியில் வந்த கல்தச்சரைத் தேடிப்போய் அழைத்துவருவது போல, பழைய பெயர் ஒன்றை மீட்கிறவர்களும் அதைக் காத்த கைவினைஞர்களைத் தேடிச் செல்ல வேண்டும். பழைய வரைபடங்களின்படி தரமான பாகங்களைச் சிறிய அளவிலேனும் செய்து கொடுப்பதும், யாதவகிரியில் பழகியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அவர்களிடம் மாணாக்கர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்துவதும், அவர்கள் அறிந்த அளவுகளை எழுதிவைப்பதும் எந்தப் பெரிய ஸ்தாபனத்துக்கும் பாரமான செலவுகள் அல்ல. பெயரை மீட்பதற்கு முதலும் துணிவும் போதும். வித்தையை மீட்பதற்கு அதை அறிந்தவர் ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். முன்னது நடந்துவிட்டது. பின்னதற்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் அதிகக் காலம் இல்லை.