கும்மிடிப்பூண்டி டு அடையாறு... நம்பிக்கை ஏறும் ரயில்!

விடியும் முன்பே விழித்துக்கொள்கிறது கும்மிடிப்பூண்டி ரயில் நிலையம். சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் டீக்கடையில் நிற்க, சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஜன்னலோர சீட் தேடுகிறார்கள். அவர்களுக்கு நடுவே, மருத்துவமனை ஃபைலை மார்போடு அணைத்தபடி ஏறுகிறவர்களும் உண்டு.

அப்படி ஏறுகிறது ஒரு தம்பதி. கணவருக்கு இரும்பு ஆலையில் வேலை. மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷனும் கீமோவும் முடிந்து இப்போது ரேடியேஷன். வாரத்துக்கு 5 நாள். சிகிச்சை என்னவோ சில நிமிடங்கள்தான். போக வர பாதி நாள் கரைந்துவிடும். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் தாண்டி சென்ட்ரல் வரை ஏறக்குறைய 48 கிலோமீட்டர். பிறகு பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து, கஸ்தூரிபா நகரில் இறங்க வேண்டும்.

அவர்கள் போகும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே ஒரு கண்ணீரில் பிறந்ததுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது அது. மறு ஆண்டே அங்கே சேர்ந்த டாக்டர் வி.சாந்தா, 2021-ல் மறையும் வரை அந்த வளாகத்தையே வீடாக்கிக்கொண்டவர்.

வெள்ளிக்கிழமைகளில் சிகிச்சை முடிந்ததும் இருவரும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போவார்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டத்தில் திணறும் இடம். மற்ற நாள்களில் கடற்காற்றோடு அமைதியாக இருக்கும். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்... ‘இவளைக் குணமாக்கு.’

ஒரு ஞாயிறு, பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து பழவேற்காடு போனார்கள். அங்கே இருக்கும் மகிமை மாதா ஆலயம், 1515-ல் போர்ச்சுக்கீசியர் தொடங்கியது. ஏரிப் பக்கம் படகுகள் ஆட, முடி கொட்டிய தலையில் முக்காடிட்டு அமர்ந்திருந்த மனைவி, ஜெபமாலையை உருட்டிக்கொண்டே சொன்னார்:

“என்னங்க, கெத்செமனே தோட்டத்துல ஏசுவே பயந்து அழுதாரு. நீங்களும் அழுங்க. எனக்காக அடக்கிக்கிட்டே இருக்காதீங்க.”

நோய் தெரிந்த நாளிலிருந்து மனைவி முன்னால் அழாதவர், அன்று அழுதார். அன்றிலிருந்து அவர் ஜெபம் மாறிவிட்டது. ‘இன்றைய நாளைத் தாங்கும் பலம் கொடு.’

பலம் வந்த வழிகள் சாதாரணமானவை. அன்பியத்துப் பெண்கள் முறை வைத்து ராத்திரிக்குச் சோறு கொண்டுவந்தார்கள். ‘நீ தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போப்பா’ என்று ஷிஃப்ட்டை மாற்றிக்கொடுத்தார், அவளுக்காகத் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்ட சக தொழிலாளி. மருந்தும் டாக்டர்களும் ஒரு பக்கம் என்றால், தனியாக இல்லை என்ற நினைப்பு மறுபக்கம்.

கடைசி ரேடியேஷன் முடிந்தது. இனி செக்கப், அதில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. திரும்பும் ரயிலில், எண்ணூர் தாண்டும்போது மனைவி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஃபைல் கீழே விழாமல் பிடித்துக்கொண்டார் அவர். இன்றைக்குக் கேட்டது, இன்றைக்குக் கிடைத்துவிட்டது.