சீட்டு வாங்கினால் தீவு

புதுமடத்துக் கரையில் நின்று கடலைப் பார்ப்பவருக்கு முதுகுக்குப் பின்னால் இன்னொரு கடல் இருக்கிறது. எதிரே மன்னார் வளைகுடா. உச்சிப்புளி ரயில் நிலையத்தைத் தாண்டி வடக்கே போனால் பாக் நீரிணை. ராமேசுவரம் பக்கத்தில் முன்னதை ஆண் கடல் என்பார்கள், பின்னதைப் பெண் கடல் என்பார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்கே அலை மோதும். வாடை பிறந்துவிட்டால் வடக்கின் முறை. இரண்டும் அடங்கியிருக்கும் மாசி, பங்குனிதான் ஊர் சுற்றிப் பார்க்கத் தோதான காலம்.

அப்படியொரு மாசியில் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார் ஒரு புதுமடத்துக்காரர். ஊரில் பலரும் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போக, இவருக்கு மட்டும் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் டார்வின் நகரம் வாய்த்தது. அங்கே ஒரு நாள் ககாடு தேசியப் பூங்காவுக்குப் போயிருக்கிறார். கிழக்கு அலிகேட்டர் ஆற்றில் பழங்குடியினரே வழிகாட்டும் படகுப் பயணம். (பெயரில்தான் அலிகேட்டர், ஆற்றில் கிடப்பதெல்லாம் உப்புநீர் முதலைகள்.) எந்த மரத்தின் எந்தப் பாகம் உணவு, எது மருந்து என்று சொல்லிக்கொண்டே வந்த வழிகாட்டி, எதிர்க்கரையைக் காட்டி, அது ஆர்ன்ஹெம் லாண்ட் என்றாராம். மேற்குக் கரை தேசியப் பூங்கா. கிழக்குக் கரை 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பழங்குடியினரின் சொந்த நிலம். அந்தக் கரைக்குள் போவதற்கு அவர்களின் நில மன்றம் தரும் அனுமதிச் சீட்டு வேண்டும், வெள்ளைக்காரருக்கும் விலக்கில்லை.

நிலத்தோடு அந்த உரிமை நிற்கவில்லை. 2008இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் நீல மண் வளைகுடா (புளூ மட் பே) வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பழங்குடியினரின் நிலத்தை ஒட்டி, அலை ஏறி இறங்கும் கரைப்பகுதியின் நீருக்குள் நுழையவும் அவர்களின் அனுமதி தேவை என்பது அதன் சாரம். டார்வின் இருக்கும் வட ஆட்புலத்தின் கடற்கரையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அது தொட்டது. மீன்பிடி நிறுவனங்கள் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று.

இந்தக் கதையை வீட்டில் எடுத்துவிட்டபோது மச்சான் கேட்டார்: “நம்ம பக்கம் இல்லாததா? காரங்காட்டுக்குப் போயிருக்கியா?”

போனதில்லை. உள்ளூரில் பார்க்காததைப் பார்க்க வெளியூர்க்காரன் வர வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது.

ராமநாதபுரம் போய், கடலுக்குள் நவபாஷாணம் நிற்கும் தேவிபட்டினத்தைக் கடந்து, தொண்டி சாலையில் போனால் காரங்காடு. செங்கோல் மாதா ஆலயமும் மீனவர் வீடுகளுமாக ஒரு கத்தோலிக்கக் கிராமம். அதன் ஓரத்தில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து இங்கே படகுச் சுற்றுலா நடத்துகிறார்கள். படகோட்டுவதும் வழிகாட்டுவதும் ஊர் ஆட்கள். சமைத்துத் தருவது ஊர்ப் பெண்கள். உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு குடும்பம் படகில் ஏறியது.

இரண்டு பக்கமும் பச்சை நெருக்கி வரும் ஓடை. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நிற்பவை மரங்களின் மூச்சு வேர்கள். உப்புச் சேற்றுக்குள் காற்று கிடைக்காது என்பதால் வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார்க்கச் சொன்னார் படகோட்டி. மகள் நக்கிவிட்டு முகம் சுளித்தாள். வேர் உறிஞ்சும் உப்பில் ஒரு பங்கை மரம் இலை வழியே துப்பிவிடுகிறது. இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறதுதான். படகோட்டி சொன்ன மற்றவை எந்தப் பாடத்திலும் இல்லை: எந்த வளைவில் எந்த மாதம் இறால் குஞ்சு ஒதுங்கும், நண்டு எந்த நீரோட்டத்தில் வளையை விட்டு வெளியே வரும், வாடைக் காலத்தில் வள்ளத்தை எங்கே கட்டினால் பிழைக்கும் என்பதெல்லாம்.

ஓடை முடிந்து கடல் விரியும் இடத்தில், கண்ணாடித் தெளிவான ஆழமற்ற நீருக்கடியில் கடற்புல். ஆவுளியா மேயும் புல். கடல் பசு என்று அதிகாரிகள் சொல்லும் அந்தப் பிராணியை இந்தக் கடற்கரையில் ஒரு காலத்தில் பிடித்து விற்றதுண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது குற்றம். 2022இல் தமிழ்நாடு அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாக அறிவித்தது. “எங்க அப்பாரு காலத்துல வலையில விழுந்தா திருவிழா. இப்ப விழுந்தா வலையை அறுத்தாவது விட்டுடுவோம் பாய்” என்றார் படகோட்டி. சொன்ன தொனியில் பெருமையும் இருந்தது, வலை போன வருத்தமும் இருந்தது. இரண்டையும் மறைக்காத வழிகாட்டி கிடைப்பது அபூர்வம்.

கரையேறியதும் நண்டு சூப். மிளகு தூக்கலாக.

காரங்காட்டுக்காரர்கள் ஆதிகுடி என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் ஒரு நீர்ப்பரப்பைத் தலைமுறை தலைமுறையாகப் படித்துவைத்திருப்பவர்கள் அதைத் தாங்களே வந்தவருக்குக் காட்டிக் கூலி பெறுகிறார்கள் என்ற அளவில், ககாடு ஆறும் காரங்காட்டு ஓடையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அலிகேட்டர் ஆற்றின் எதிர்க்கரைக்கு இணையான இடம் எது என்ற கேள்விதான் மிச்சம். விடை பாம்பனில் இருந்தது.

மறுநாள் பாலம் தாண்டி குந்துகால் போனார்கள். 1897 சனவரி 26 அன்று விவேகானந்தர் வந்திறங்கிய இடம்; நினைவு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் சுற்றுலாப் படகு போகிறது. பவளமும் கடற்பஞ்சும் உயிரியல் மாணவர்களைத் தலைமுறைகளாக இழுத்துவரும் தீவு அது. பக்கத்துக் கிராமம் சின்னப்பாலம். அங்கே மணலில் பாசி காய்ந்துகொண்டிருந்தது.

சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர்கள். வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத் தகட்டைத் துடுப்புபோலக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி இறங்குவார்கள். பாறை கீறும், முள் குத்தும், சொறி மீன் சுடும். எடுப்பது மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக்கோரை. முதல் இரண்டும் அகர் செய்ய. கட்டைக்கோரை ஆல்ஜினேட் செய்ய. மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய், பிறகு ஐஸ்கிரீமிலும் மாத்திரை உறையிலும் துணிச் சாயத்திலும் கலந்து, பெயர் தெரியாமல் எல்லார் வீட்டுக்கும் வந்துசேர்கிறது.

தென்கொரியாவின் ஜேஜு தீவிலும் இப்படி முங்கும் பெண்கள் உண்டு. ஹேன்யோ என்று பெயர். அவர்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. 2016இல் யுனெஸ்கோ அவர்களின் மரபைப் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். பாம்பன் பெண்களுக்கு அதற்கு நேர்மாறான அனுபவம். 1986இல் தூத்துக்குடி தொடங்கி பாம்பன் வரையிலான 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாயின. தாயும் பாட்டியும் போய்வந்த தீவோரம், மகள் போனால் அத்துமீறல் என்று ஆகிவிட்டது. பிடித்துவைப்பது, பாசியைப் பறிப்பது, அபராதம் கட்டச் சொல்வது எல்லாம் நடந்தன.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டுமே கடல், சுரண்ட உலோகக் கருவி கூடாது, வேர்ப்பிடியை விட்டுக் கையால் மட்டுமே கிள்ளுவது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியையும் தொடுவதில்லை. தடை விசைப்படகுகளுக்கானது, இவர்களைக் கட்டாது. ஆனாலும் பாசி தழைக்கட்டும் என்று வீட்டிலிருந்தார்கள். இந்த முயற்சிக்கு முன்நின்ற சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது.

பவளத்தைக் காக்கப் பூங்கா வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. வெட்டியவர்கள் பாசிப் பெண்கள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். இன்று அதே தீவுக்கூட்டத்தில், சீட்டு வாங்கிய பயணி படகில் போய்ப் பவளத்தைக் குனிந்து பார்த்துத் திரும்பலாம். அந்தப் பவளப்பாறையை விரல் நுனியால் அறிந்தவளுக்குச் சீட்டு கிடையாது.

புதுமடத்துக்காரர் காய்ந்த பாசியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் எதிர்க்கரைக்குப் போக மண்ணின் ஆட்களிடம் சீட்டு வாங்க வேண்டும் என்ற கதையைச் சொன்னார். அந்தப் பெண் நம்பவில்லை. “சர்க்காரு ஆளுகளும் கேட்டுட்டுத்தான் போவணுமா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

“அரசாங்க வேலையா போறவங்களுக்கு வேற வழி இருக்கும்க்கா. நம்மளமாதிரி சுத்திப் பாக்கப் போறவங்க எல்லாரும் கேக்கணும்.”

“அப்ப எங்களையும் படகுல ஏத்திவிடச் சொல்லுங்க தம்பி. எந்தப் பாறையில என்ன இருக்குன்னு நாங்க காட்ட மாட்டமா? சீட்டுக் காசுல பாதி குடுத்தாக்கூடப் போதும், பாசி வெலையவிட அது மேலு.” பாசி வியாபாரி எடை போட வரும் நேரம் என்று சொல்லிவிட்டுச் சாக்கை உதறினார். அன்றைய விலை என்ன என்று மகள் கேட்டதற்கு, வியாபாரி சொன்னால்தான் தெரியும் என்றார்.